கணியம்பாடிக்கு ஒரு நடைபாதை

நடைப்பயிற்சிப் பாதை எந்த ஊருக்கும் கொண்டுபோய்ச் சேர்க்காது. கிளம்பிய இடத்திலேயே திரும்பக் கொண்டுவந்து விடும். பூங்காவுக்குள்ளோ ஏரிக்கரையிலோ தளம் போட்டு, நடப்பதற்கென்றும், சில இடங்களில் மிதிவண்டி ஓட்டுவதற்கென்றும் அமைக்கிறார்கள். சென்னை, கோவைக்காரர்களுக்கு இது பழகிய வசதி. அங்கே விடியற்காலையில் ஒருவரையொருவர் பார்த்தால் “இன்னிக்கு எத்தனை ரவுண்டு?” என்பதுதான் நல விசாரிப்பு. வேலூருக்குத் தெற்கே, ஜவ்வாது மலைத்தொடரின் அடிவாரத்தை நோக்கிப் போகும் வழியில் இருக்கும் கணியம்பாடி போன்ற ஊர்களில் நிலைமை வேறு. ஒன்றியத் தலைமையிடம், காட்பாடி–விழுப்புரம் ரயில் பாதையில் ஒரு நிலையம், பொறியியல் கல்லூரி என்று ஊர் வளர்ந்திருக்கிறது. கிராமம் என்று சொன்னால் கொஞ்சம் குறைவு, நகரம் என்றால் கொஞ்சம் அதிகம். இப்படிப்பட்ட ஊர்க்காரர் காலையில் அரை மணி நேரம் நடக்க நினைத்தால் எங்கே போவார்?

பெரும்பாலும் சாலைக்குத்தான். வேலூரிலிருந்து திருவண்ணாமலை, விழுப்புரம், திருச்சி, மதுரை வழியாகத் தூத்துக்குடி வரை போகும் 38ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கணியம்பாடி வழியாகச் செல்கிறது. இதுபோன்ற சாலையில் நடப்பவருக்குக் கிடைப்பது ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே உள்ள இடம் மட்டும். தார் முடியும் விளிம்பு பல இடங்களில் உடைந்து, மண் இரண்டு விரற்கடை கீழே இறங்கியிருக்கும். பின்னாலிருந்து லாரி வரும் சத்தம் கேட்டதும் நடப்பவர் மண்ணில் இறங்குவார். லாரி போன காற்றில் தோள் துண்டு படபடக்கும், பிறகு மறுபடி தாருக்கு ஏறுவார். அரை மணி நடையில் இது இருபது தடவை நடந்தால், ஒரு தடவையாவது கணுக்கால் பிசகும். நடைபாதை இல்லாத சாலையில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி நடப்பதுதான் பாதுகாப்பு. ஆனால் “இடது பக்கமாகப் போ” என்று சின்ன வயதிலிருந்தே பழக்கப்பட்டவர்கள் வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நடக்கிறார்கள்.

நடக்க இடம் வேண்டும் என்பதற்கு மருத்துவக் காரணமும் இந்த ஒன்றியத்திலேயே பதிவாகியிருக்கிறது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறை பல பத்தாண்டுகளாகக் கணியம்பாடி ஒன்றியக் கிராமங்களில் வேலை செய்துவருகிறது. இதயநோய்க்கு வழிவகுக்கும் காரணிகளைப் பற்றி அந்தக் கல்லூரி 1991–94இல் ஒரு முறையும் 2010–12இல் மறுமுறையும் கணக்கெடுத்தது. வேலூர் நகர வார்டுகள் ஒரு பக்கம், கணியம்பாடி ஒன்றியக் கிராமங்கள் மறுபக்கம். இடைப்பட்ட ஏறத்தாழ இருபது ஆண்டில் சர்க்கரை நோய், உடல் பருமன், ரத்த அழுத்தம் எல்லாம் இரு பக்கமும் கூடியிருந்தன. கூடிய வேகம் நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். சர்க்கரை பணக்கார வியாதி, பட்டணத்து வியாதி என்ற பேச்சு கணியம்பாடியைப் பொறுத்தவரை அத்தோடு முடிந்துபோனது. நாடு முழுவதற்கும் பார்த்தால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளியிட்ட கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர்.

வயலுக்கு நடந்து போன காலத்தில் யாரும் ‘வாக்கிங்’ போகவில்லை, தேவையும் இருக்கவில்லை. இப்போது கழனிக்கும் பைக்கில் போகிறார்கள், கடைக்கும் பைக்கில் போகிறார்கள். உடம்பிலிருந்து கழன்றுபோன நடையைத் தனியாக நேரம் ஒதுக்கித் திரும்பச் சேர்க்க வேண்டியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் தந்த பரிந்துரை, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சி. வேக நடை அதில் சேரும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். பத்தாயிரம் அடி நடந்தே தீர வேண்டும் என்ற கணக்கு 1960களில் ஜப்பானில் ஒரு நிறுவனம் விற்ற நடை எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. அந்தப் பெயருக்கே ‘பத்தாயிரம் அடி மானி’ என்றுதான் பொருள். வயதான பெண்களை வைத்து 2019இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஒரு நாளைக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500 அடியைத் தாண்டியபின் கூடுதல் பலன் தெரியவில்லை. அந்த ஆய்வின்படி பார்த்தால், ஊர் ஓரத்தில் ஒரு கிலோமீட்டர் சுற்றுள்ள பாதை இருந்தாலே வயதானவர்களுக்கு நிறையப் பயன்.

கணியம்பாடிக்காரர்கள் பூங்கா என்றதும் நினைப்பது அமிர்தியை. வேலூரிலிருந்து சுமார் 25 கி.மீ. தூரத்தில், ஜவ்வாது மலையடிவாரக் காட்டில், அமிர்தி ஆற்றை ஒட்டி வனத்துறை நடத்தும் சிறிய உயிரியல் பூங்கா அது. 1967இல் திறக்கப்பட்டது. பரப்பு 25 ஹெக்டேர், அதாவது 60 ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். புள்ளிமான், நரி, முள்ளம்பன்றி, முதலை, மயில், கிளி, கழுகு என்று கூண்டுகளும் அடைப்புகளும் இருக்கின்றன. வண்டலூர் அளவுக்கு எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். நிழலுக்கும் ஆற்றுப் பாறைக்கும் போகிறவர்களுக்கு நிறைவு. காட்டுக்குள் ஒரு கிலோமீட்டர் போல நடந்தால் அருவி. வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்த வாரங்களில் அதில் தண்ணீர் விழும். சித்திரையில் போனால் பாறையைத்தான் பார்க்கலாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கட்டுச்சோற்றோடு போக நல்ல இடம், ஆனால் தீனிப் பொட்டலத்தைக் குரங்குகளின் கண்ணில் காட்டக் கூடாது. பிளாஸ்டிக் பையையும் பாட்டிலையும் காட்டில் போட்டுவிட்டு வருவது மானின் வயிற்றில் போடுவதற்குச் சமம்.

இவ்வளவு இருந்தும் அமிர்தி தினசரி நடைக்கு உதவாது. போய்வர ஆகும் நேரத்தில் நாலு தடவை நடந்து முடித்துவிடலாம். காடு வனத்துறைக்குச் சொந்தம், விலங்குகளுக்கு வீடு. விடியற்காலை ஐந்து மணிக்கு நடைக்காரர்களுக்காகக் கதவைத் திறக்கச் சொல்வதும் நியாயமல்ல. வருடத்துக்கு ஒரு முறை சுற்றிப்பார்க்கும் பூங்கா ஒன்று, தினமும் கால் வைக்கும் பாதை இன்னொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் “பக்கத்திலேயே அமிர்தி இருக்கிறதே” என்ற பதிலோடு பல இடங்களில் பேச்சு முடிந்துவிடுகிறது.

இந்த வட்டாரத்தில் நிழலோடு தளம் போட்ட நீண்ட பாதை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதை யாரும் நடைப்பயிற்சியோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. அரியூரை அடுத்த திருமலைக்கோடியில் 2007 ஆகஸ்டில் குடமுழுக்கு நடந்த ஸ்ரீபுரம் பொற்கோயிலின் நட்சத்திர வடிவப் பாதைதான் அது. சுமார் 100 ஏக்கர் தோட்டத்தின் நடுவே, வாசலிலிருந்து கோயிலுக்குப் போய் வெளியே வர, பக்தர்கள் 1.8 கி.மீ.க்கு மேல் நடக்கிறார்கள். கூரை, தரை, இரு பக்கமும் செடிகள் என்று ஒரு நல்ல பாதைக்கு வேண்டிய எல்லாம் அதில் இருக்கின்றன. பொன்னைப் பார்க்கப் போகிறவர்களுக்குத் தாங்கள் எத்தனை அடி நடந்தோம் என்பது வீட்டுக்கு வந்து காலை நீட்டும்போதுதான் தெரியும்.

இன்னும் பெரிய உதாரணம் அதே நெடுஞ்சாலையில் தெற்கே போனால் கிடைக்கும். திருவண்ணாமலையின் கிரிவலப் பாதை 14 கி.மீ. தமிழ்நாட்டில் நடப்பதற்கென்றே மக்கள் கூடும் பாதைகளில் இதற்கு இணையானது இல்லை. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் லட்சக்கணக்கில் வருகிறார்கள், கார்த்திகை தீபத்துக்குச் சொல்லவே வேண்டாம். மலை வலது கைப் பக்கம் இருக்க, வலமாகச் சுற்ற வேண்டும். மலையை ஒட்டிய உட்புறம் சித்தர்கள் நடக்கும் வழி என்பது நம்பிக்கை, அதனால் மனிதர்கள் சாலையின் இடது பக்கமாகவே நடக்க வேண்டும் என்பார்கள். பயன் பார்த்தால் இது அருமையான போக்குவரத்து விதி. எல்லோரும் ஒரே திசை, ஒரே பக்கம். எதிரெதிரே முட்டிக்கொள்ளும் பேச்சே இல்லை. நகரப் பூங்காக்களில் “கடிகாரச் சுற்றில் நடக்கவும்” என்று பலகை வைத்தும் கேட்காதவர்கள் இங்கே பலகை இல்லாமலே கேட்கிறார்கள்.

கிரிவலப் பாதையில் நடந்தவர்களுக்கு, தளம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உள்ளங்கால் சொல்லியிருக்கும். பெரும்பாலோர் வெறுங்காலோடு நடப்பதால் ஒவ்வொரு மேடு பள்ளமும் தெரியும். நடைபாதையில் பதித்த பேவர் பிளாக் கற்கள் மழைநீரை இடுக்கு வழியாக மண்ணுக்கு விடும், ஒன்று உடைந்தால் அதை மட்டும் பெயர்த்து மாற்றலாம். ஆனால் வெயில் ஏறியதும் தோசைக்கல். அடியில் மணல் இறங்கினால் ஒரு கல் மட்டும் மூலை தூக்கி நிற்கும், கட்டைவிரல் அதைத்தான் தேடிப் போய் இடிக்கும். தார் காலுக்கு மெத்தென்று இருந்தாலும் சூட்டைப் பிடித்துவைக்கும். சிமென்ட் தளம் உழைக்கும், ஆனால் முட்டிக்குக் கடினம், வெடித்தால் ஒட்டுப்போட்டது தெரியும். செம்மண்ணும் கிராவலும் முட்டிக்கு நல்லது, மழைக்கு ஆகாது. சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் எந்தத் தளத்திலும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. சுட்டது தெரியாமலே கொப்புளம் வந்து, கொப்புளம் புண்ணாகி, புண் விரலை எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகும். மருத்துவர் சொல்லும் எம்.சி.ஆர். செருப்பு இவர்களுக்காகத்தான். கிரிவலம் போனாலும் அதைப் போட்டுக்கொள்வதில் சாமி குறை சொல்லாது.

நிழல் இல்லாவிட்டால் எந்தத் தளமும் வீண். திருவண்ணாமலைப் பாதையை அகலப்படுத்த மரங்களை வெட்டியபோது எதிர்ப்பு எழுந்து, விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. நடப்பவர்களுக்காக அகலப்படுத்துகிறோம் என்று சொல்லி, நடப்பவர்களுக்கு வேண்டிய நிழலை வெட்டுவது நம் ஊர்களில் வாடிக்கை. வேலூர் வட்டாரத்து வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது அங்கே செய்தியே அல்ல. புங்கன், வேம்பு, மகிழம், நாவல் போன்றவை பாதை ஓரத்துக்கு ஏற்றவை. புங்கன் சீக்கிரம் வளரும், பங்குனியில் புதுத்துளிர் விட்டு, வெயில் உச்சத்துக்கு வரும்போது அடர்ந்து நிற்கும். நாவலில் ஒரே தொல்லை, பழம் விழும் மாதத்தில் பாதையெல்லாம் ஊதாக் கறை, வழுக்கலும்கூட.

அரசு கட்டித் தந்த பாதைகளில் முயற்சிகள் பல உண்டு, முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. ஊராட்சிகளில் 500 அம்மா பூங்காக்களும் 500 உடற்பயிற்சிக் கூடங்களும் அமைக்கப்படும் என்று 2016இல் அறிவிக்கப்பட்டது. பூங்கா என்றால் நடைபாதை, சிறுவர் ஊஞ்சல், நாலு பெஞ்சு. சிறிய இடத்தில் போட்ட பாதை என்பதால் பத்துச் சுற்று சுற்றினாலும் பெரிதாக எதுவும் நடந்தது போலிருக்காது. எட்டு வடிவில் கூழாங்கல் பதித்த பாதையும் பல பூங்காக்களில் உண்டு. எட்டு போட்டால் தனிப் பலன் என்று நம்பி நடப்பவர்கள் நடக்கட்டும். கடைசியில் கணக்கில் வருவது எத்தனை நிமிடம் நடந்தார்கள் என்பதுதான்.

2023 நவம்பர் 4 அன்று சென்னை பெசன்ட் நகரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. தோக்கியோவில் உள்ள 8 கி.மீ. நடைபாதையை முன்மாதிரியாக வைத்து, 38 மாவட்டங்களிலும் தலா ஓர் 8 கி.மீ. பாதையை அடையாளம் காண்பது, மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே கூட்டு நடையும் மருத்துவப் பரிசோதனையும் நடத்துவது என்பது ஏற்பாடு. யோசனை நல்லது. ஆனால் மாவட்டத்துக்கு ஒன்று என்றால் அது பெரும்பாலும் மாவட்டத் தலைநகருக்குத்தான் வாய்க்கும். பாதை ஊருக்குப் பக்கத்தில் இருந்தால்தான் கால் போகும்.

சென்னை அண்ணா நகர் கோபுரப் பூங்காவை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். 1968 உலக வர்த்தகக் கண்காட்சியின்போது எழுந்த 135 அடிக் கோபுரத்தைச் சுற்றி அமைந்த பூங்கா, பரப்பு 15 ஏக்கர்தான். கோபுரம் 2011 முதல் மூடிக் கிடந்து 2023இல்தான் மறுபடி திறந்தது. கோபுரம் மூடியதால் பூங்காவில் நடை நின்றுவிடவில்லை. ஏறிப் பார்க்கும் அதிசயம் இல்லாமலும் பூங்கா பிழைத்துக்கொள்ளும், சுற்றி நடக்கும் பாதை இல்லாவிட்டால் பிழைக்காது.

மிதிவண்டிக்கும் சேர்த்துப் பாதை வேண்டுமென்றால் கோவைக்குப் போய்ப் பார்க்கலாம். பொலிவுறு நகரத் திட்டத்தில் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் முதலிய குளக்கரைகளை மாற்றியமைத்து, நடைபாதையும் மிதிவண்டித் தடமும் போட்டார்கள். சுமார் 320 ஏக்கர் பெரியகுளத்தின் கரையில் மாலையில் கூடும் கூட்டத்தைப் பார்த்தால், ஊர் இத்தனை நாள் எதற்குக் காத்திருந்தது என்பது புரியும். கரையெல்லாம் சிமென்ட்டாகிப் பறவைக்கு இடமில்லாமல் போகிறது என்று இயற்கை ஆர்வலர்கள் சொல்லும் குறையும் உண்மைதான். குளத்துக்குக் கரை போட்டது நீருக்காக, நடை அதற்குப் பிறகுதான்.

நடப்பவரையும் மிதிவண்டிக்காரரையும் ஒரே பாதையில் விட்டால் சண்டை வரும். நடை மணிக்கு ஐந்து கி.மீ., மிதிவண்டி பதினைந்து கி.மீ. குழந்தை பந்தின் பின்னால் ஓடும், பெரியவர் திடீரென்று நின்று திரும்பிப் பார்ப்பார். பெரும்பாலான பூங்காக்களில் வண்டியை வாசலிலேயே நிறுத்தச் சொல்வது இதனால்தான். அமெரிக்கப் புறநகர்ப் பூங்காக்களில் இரண்டுக்கும் பொதுவான பாதையைப் பத்தடி அகலத்துக்குப் போடுவது வழக்கம். தமிழர்கள் பலர் வாழும் சிங்கப்பூரில் பூங்காக்களை ஒன்றோடொன்று இணைக்கும் பாதைகள் 300 கி.மீ.க்கு மேல் நீள்கின்றன. அங்கே பகிர்ந்துகொள்ளும் பாதையில் மிதிவண்டியின் வேக வரம்பு மணிக்கு 25 கி.மீ., நடைபாதையில் 10 கி.மீ. நம் மாநிலத்தில் வேடிக்கை என்னவென்றால், 2001–02 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லா மிதிவண்டி தந்துவருகிறது. வண்டி கொடுத்தாயிற்று, அதை ஓட்ட நெடுஞ்சாலை ஓரத்தைத் தவிர வேறு வழி கொடுக்கவில்லை.

கணியம்பாடி போன்ற ஊரில் இதற்கு இடம் தேடி அலைய வேண்டியதில்லை. வேலூர் மாவட்டத்தில் ஏரிகள் பல உண்டு. ஏரிக்கரையில் நடப்பது காலங்காலமாக உள்ள பழக்கம். கரையைப் பாதையாக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. மதகை மறைக்கக் கூடாது, கலங்கலின் குறுக்கே எதையும் எழுப்பக் கூடாது. கரையின் உடம்பில் பெரிய வேர் விடும் மரம் வைத்தால், வேர் மட்கிய இடத்தில் நீர் கசிந்து கரை பலவீனமாகும். அதனால் மரத்தைக் கரையின் கீழ்ப்புறத்தில், அடிவாரம் விட்டுத் தள்ளி நட வேண்டும். இந்தியச் சாலைப் பேராயத்தின் வழிகாட்டுதல்படி நடைபாதைக்குத் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று தாண்டிப் போகும் அளவு. பேவர் பிளாக் போட்டால் நடைக்கு 50 அல்லது 60 மி.மீ. கனம் போதும், டிராக்டர் ஏறும் கரை என்றால் 80 மி.மீ. வேண்டும். ஒப்பந்தத்தில் இந்த ஒரு எண்ணைக் கவனிக்காமல் விட்ட பாதைகள் இரண்டு மழைக்குள் குண்டும் குழியுமாகின்றன. விளக்கு இல்லாத பாதையில் பெண்கள் ஐந்து மணிக்கு நடக்க மாட்டார்கள், ஆறரைக்கு மேல் அவர்களுக்கு வீட்டில் வேலை. அதனால் விளக்குதான் முதலில் வேண்டும், ஊஞ்சலும் செல்பி எடுக்கும் எழுத்துப் பலகையும் பிறகு.

இப்படி ஒரு பாதைக்குப் போகிறவர்களும் சிலவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும். நாலு பேர் சேர்ந்து பாதையை அடைத்துக்கொண்டு நடக்காமல் இருவர் இருவராகப் போவது, மிதிவண்டிக்காரர் பின்னால் வரும்போது மணி அடிப்பது, அடித்ததும் நடப்பவர் இடப்பக்கம் ஒதுங்குவது, நாயைக் கயிறில்லாமல் விடாதிருப்பது, கைப்பேசிப் பாட்டைத் தன் காதோடு வைத்துக்கொள்வது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் வெறும் வயிற்றில் வேகமாக நடக்கப் புறப்படக் கூடாது. சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும், படபடப்பும் வியர்வையும் வந்தால் உடனே வாயில் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். நடக்கும்போது நெஞ்சு அழுத்தினால் அடுத்த ரவுண்டு வேண்டாம், மருத்துவமனைதான்.

பாதை கேட்க நினைக்கும் ஊர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஏரி யாருடையது என்பது. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத் துறையின் பொறுப்பு, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. மனுவில் ஏரியின் பெயர், கரையின் நீளம், எந்தப் பகுதியில் பாதை வேண்டும் என்பதைக் குறிப்பிட்டு, கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்பலாம். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.